ஆள் நிறையாமல் புறப்பட்ட வண்டி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு 1979 வரை ரயில் கிடையாது. கொல்லத்துப் பாதை 1918-இல் சாக்கை வரைக்கும் வந்தது. 1931-இல் தம்பானூருக்கு நீண்டது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே படுத்துவிட்டது. தெற்கே போக வேண்டியவர்களுக்குச் சாலையை விட்டால் வேறு கதியில்லை. கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று நாற்பது மைலுக்குச் சற்றே கூடுதல். வழக்குக்காரன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், கல்லூரிப் பையன், மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு செக்ரட்டேரியட்டுக்குப் போகிறவன், எல்லாருக்கும் அந்த ஒரே ரோடுதான்.

அந்த ரோட்டில் பஸ் ஓட்டும் தொழிலை 1938-இல் திருவிதாங்கூர் சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம், மலையாளிகள் செல்லமாகச் சொல்லும் ‘ஆனவண்டி’, பிறந்தது அப்படித்தான்.

நான் அரசு அலுவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தே உத்தியோகத்தை ஓட்டியவன். புதிய கணக்கு முறை, கம்ப்யூட்டர், புதிய கோப்பு முறை என்று எது வந்தாலும் எங்கள் கூடத்தில் ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். முன்வரிசையில் இருக்கும் அதிகாரிகள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இவங்க ஏன் சார் எதையுமே ஏத்துக்க மாட்டேங்கறாங்க?” பின்வரிசையில் இருக்கும் குமாஸ்தாக்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடநூலில் இருந்த பதிலைச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், ஒரு கட்டத்துக்குமேல் 1938 பஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பின்வரிசை ஜன்னலை விட்டுத் திரும்பியது. அவர்களில் பாதிப்பேர் தினமும் அதே ரோட்டில் பஸ்ஸில் வந்து போகிறவர்கள்.

எனக்கு அந்தக் கதை வந்தது புத்தகத்திலிருந்து அல்ல. என் அம்மாவைப் பெற்ற பாட்டா அந்த ரோட்டில் முதலில் தனியார் வண்டியும் பிறகு சர்க்கார் வண்டியும் ஓட்டியவர். தக்கலைப் பக்கத்து வீட்டுப் படிப்புரையில் சாயங்காலம் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி சொல்வார். பிற்பாடு நான் தேடிப் படித்ததும் அவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்களில் பாட்டாவின் கதைதான் ருசியாக இருந்தது என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தனியார் காலத்து வண்டிக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். நிறைய வேண்டும் என்பதற்காகவே கிளீனர் பையன் தொண்டை கிழியக் கூவுவான். பின்னால் இன்னொரு முதலாளியின் வண்டி வந்துவிட்டால், நிறையாமலேயே பாய்ந்து புறப்பட்டு அடுத்த ஊர் ஆட்களை அள்ளப் பந்தயம் நடக்கும். கட்டணம் ஆளைப் பார்த்துச் சொல்வது. மழைக்காலத்தில் ஒன்று, சந்தை நாளில் ஒன்று. டிரைவருக்குக் கூலியும் அன்றைய வசூலைப் பார்த்துத்தான். அதனால் வண்டி நிறைகிற வரைக்கும் கியரில் கை வைக்காமல் இருப்பதுதான் நல்ல டிரைவருக்கு இலக்கணம்.

இதை மாற்றச் சர்க்கார் தேர்ந்தெடுத்த ஆள் ஈ.ஜி. சால்ட்டர் என்ற ஆங்கிலேயர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் இயக்கப் பிரிவின் உதவிக் கண்காணிப்பாளராக இருந்தவர். 1937 செப்டம்பரில் அவரைத் திருவிதாங்கூர் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளராக நியமித்தார்கள். வெள்ளைக்காரரைக் கொண்டுவருவது சமஸ்தானங்களில் வழக்கம்தான். ஆனால் இவரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. லண்டன் வாரியமே 1933 ஜூலையில் பிறந்தது. அதுவரை அந்த நகரத்தில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓட்டிய தனியார் பஸ் கம்பெனிகளையும் டிராம்களையும் சுரங்க ரயிலையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் இழுத்துக் கட்டிய வாரியம் அது. முதலாளி கையிலிருந்த வண்டி பொதுச்சொத்தாக மாறும்போது பணிமனையிலும் டிரைவர் மனத்திலும் என்ன நடக்கும் என்பதைச் சால்ட்டர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறார்.

அப்போதைய திருவிதாங்கூர் அரசும் ஓர் அவசரத்தில் இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா 1931-இல் ஆட்சிப் பொறுப்பேற்றார். 1936 அக்டோபரில் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவான் ஆனார். அடுத்த மாதமே ஆலயப் பிரவேசப் பிரகடனம். அதற்கு அடுத்த நவம்பரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். பள்ளிவாசல் மின் திட்டம், கன்னியாகுமரிக்குச் சிமெண்டு ரோடு என்று வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். பஸ் அந்த வரிசையில் ஒன்று.

சால்ட்டர் வந்து ஐந்தே மாதம். இங்கிலாந்திலிருந்து கம்மர் சேசிஸ் 60 இறக்கினார்கள், பெர்கின்ஸ் டீசல் எஞ்சினோடு. கூண்டுகளை வெளியிலிருந்து வாங்கவில்லை. சாக்கையில் பணிமனை போட்டு, துறையின் ஆட்களை வைத்தே கட்டினார்கள். அந்தப் பணிமனைதான் பிற்பாடு பாப்பனங்கோட்டுக்குப் போனது. 23 பேர் உட்காரும் வண்டி. பின்பக்கம் வாசல், நடுவே நடந்துபோக வழி, தோல் இருக்கை, முன்பக்கம் முதல் வகுப்பு. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி மகாராஜாவும் குடும்பத்தாரும் ஏற, முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். பின்னால் முப்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் கவடியார் ரோட்டில் ஊர்வலமாகப் போயின. ஊரே திரண்டு பார்த்தது.

ஊர்வலத்தை விட எனக்கு முக்கியம் அதற்கு முன்னால் அவர் எடுத்த இரண்டு முடிவுகள்.

முதலாவது, டிரைவர்கள். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரோட்டில் தனியார் பஸ்ஸை நிறுத்தியபோது, அந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்த அனுபவசாலிகளுக்குத்தான் புதிய வேலையில் முன்னுரிமை தந்தார். இது தயவு தாட்சண்யம் என்று பாட்டா நினைக்கவில்லை. “அவனுக்கு ரோடு தெரியாதுல்லா” என்பார். எந்த வளைவில் மாட்டுவண்டி குறுக்கே வரும், எந்த மழையில் எந்தத் தாழ்வில் தண்ணீர் நிற்கும் என்ற அறிவெல்லாம் அந்தப் பத்து விரலில்தான் இருந்தது. தொழிலை எடுத்துக்கொண்டவர்கள் தொழில் தெரிந்தவனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த விரல்களுக்குப் பழைய இலக்கணம் ஒன்று பழகிப்போயிருந்தது. புதிய துறையில் நேர அட்டவணை அச்சடித்து வெளியிட்டிருந்தார்கள். கட்டணப் பட்டியல், நிறுத்தங்களின் பட்டியல் எல்லாம் அச்சில். ஆறு மணிக்கு வண்டி என்றால் ஆறு மணிக்கு. பாட்டாவின் ஆரம்ப நாட்களில் ஒரு காலை, நாகர்கோவிலில் நாலே நாலு பேர் வண்டியில். கண்டக்டர் மணியடித்தாராம். பாட்டா திரும்பிப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எஞ்சினைக் கிளப்பாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் மணி. மூன்றாம் மணி. கடைசியில் இன்ஸ்பெக்டர் இறங்கிவந்து கடிகாரத்தைக் காட்டியபிறகுதான் வண்டி நகர்ந்ததாம். அதை என்னிடம் சொல்லும்போதும், அத்தனை வருஷம் கழித்தும், அவருக்கு ஆற்றாமை தீரவில்லை.

“ஆளில்லாம வண்டி எடுக்கது பாவம்லா மக்கா. எண்ணெய் யாரு வீட்டுது?”

இதைச் சோம்பல் என்று சொல்ல முடியுமா, அடாவடி என்று சொல்ல முடியுமா? வண்டியைக் காலியாக ஓட்டி டீசலைக் கரைப்பது அவருடைய தொழில் தர்மத்துக்கு விரோதம். அலுவலகங்களில் புதிய முறைக்கு முரண்டு பிடிக்கிறவர்களில் நல்ல வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அதிகாரிகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். வேலை தெரியாதவனுக்கு எந்த முறையும் ஒன்றுதான். பழைய முறையில் கெட்டிக்காரனாக இருந்தவனுக்குத்தான் இழக்க ஏதோ இருக்கிறது.

அவரை மாற்றியது இன்ஸ்பெக்டரின் கடிகாரம் அல்ல என்றும் பாட்டாவே சொல்லியிருக்கிறார். இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, மாதச் சம்பளம். வசூல் கூடினாலும் குறைந்தாலும் கையில் வரும் பணம் மாறாது என்பது இரண்டு மூன்று மாதம் வாங்கிய பிறகுதான் அவருக்கு நம்பிக்கையானது. இரண்டாவது, ஜனங்கள். நாலு பேரோடு புறப்பட்ட அந்த ஆறு மணி வண்டிக்குச் சில வாரங்களில் தக்கலையிலும் குழித்துறையிலும் ஆட்கள் நேரம் பார்த்து வந்து நிற்க ஆரம்பித்தார்கள். வண்டி வழியில் நிறைந்தது. காலியாக எடுத்தாலும் நிறையும் என்பதைக் கண்ணால் கண்டபிறகு மூன்றாம் மணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டாவது முடிவு இன்னும் விசித்திரமானது. கண்டக்டர், இன்ஸ்பெக்டர் வேலைகளுக்கு நூறு பட்டதாரிகளை எடுத்தார்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க பி.ஏ.! இன்று கேட்டால் சிரிப்பு வராது, நமக்குப் பழகிவிட்டது. ஆனால் 1938-இல் பட்டம் என்பது கச்சேரி உத்தியோகத்துக்கான சீட்டு. சீட்டு வைத்திருந்தவர்கள் கூடிப்போய், கச்சேரியில் நாற்காலி போதாமல் இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தை விசாரிக்கத் திருவிதாங்கூர் 1920-களின் கடைசியிலேயே ஒரு குழு போட்டுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சர்க்கார் வேலையில் பங்கு கேட்டு நடத்திய நிவர்த்தனப் போராட்டத்தின் விளைவாக, வேலைக்கு ஆள் எடுக்கத் தனி ஆணையரே நியமிக்கப்பட்டுச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. யாருக்கு எந்தச் சர்க்கார் வேலை என்பது வீதிக்கு வந்த அரசியல். அந்த நேரத்தில் புதிதாக ஒரு துறையும் நூறு காக்கிச் சட்டையும் கிடைத்தன.

வண்டிக்குள் இது உண்டாக்கிய வேடிக்கையைப் பாட்டா ரசித்துச் சொல்வார். அதுவரை வண்டியில் டிரைவர்தான் ராஜா. கிளீனர் பையன் அவர் காலைச் சுற்றும் பூனை. இப்போது பின்னால் நிற்கிறவர் இங்கிலீஷ் படித்தவர், காக்கி உடுப்பு, தோளில் பை. பணத்துக்கும் மணிக்கும் அவரே அதிகாரி. முன்னால் இருப்பவர் கையெழுத்துப் போடத் தெரிந்தால் அதிகம். யார் யாரைச் ‘சார்’ என்று கூப்பிடுவது? கொஞ்ச நாள் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதையே தவிர்த்து மணியோசையிலேயே குடித்தனம் நடத்தினார்களாம். பின்பு அந்தப் பட்டதாரி பாட்டாவை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். பாட்டா அவரைக் கடைசிவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். ஒரு கடுதாசி எழுத வேண்டுமென்றால், மனு போட வேண்டுமென்றால், அந்தச் சார்தான். வண்டி வழியில் நின்றுவிட்டால் சார் வெயிலில் குடை பிடித்து நிற்க, அண்ணாச்சி கீழே படுத்திருப்பார்.

பயணிகள் பக்கம் பேரம் போயிற்று. மைலுக்கு அரைச் சக்கரம், குறைந்தது ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். திருவனந்தபுரம் போய்ச் சேர ரூபாய் ஒன்று முழுதாகச் செலவாகாது. முதல் வகுப்புக்கு ஒன்றரை மடங்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம், பதினாலு வரை அரை டிக்கெட். 28 ராத்தல் வரைக்கும் மூட்டைக்குக் காசு இல்லை. இந்த விவரங்களையெல்லாம் ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், குறிப்பாக மூட்டைக் கணக்கை. வண்டிக்குள் பணத்துக்கு இரண்டு வகுப்பு இருந்தது, சாதிக்கு வகுப்பு இல்லை. ஆலயப் பிரவேசம் நடந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத நாட்டில் 23 பேரை ஒரு கூண்டுக்குள் தோளோடு தோள் உரச உட்கார வைத்தது சின்னக் காரியமில்லை. அதைப் பற்றிப் பாட்டா அதிகம் பேசியதில்லை. சில பேர் நின்றுகொண்டே நாகர்கோவில் வரை வந்ததுண்டு என்று மட்டும் சொல்வார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் சால்ட்டர் புராணமாகிவிடும். மாற்றத்தில் இடம் கிடைத்தவர்களைப் பற்றித்தான் இதுவரை சொன்னேன். கிளீனர் பையன்களுக்குப் புதிய ஏற்பாட்டில் வேலையே இல்லை. கூவி ஆள் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய தரகர்களுக்கும் இல்லை. வாழ்நாள் சேமிப்பை ஒற்றை வண்டியில் போட்டிருந்த சிறு முதலாளிகள் அந்த ரோட்டை விட்டுப் போனார்கள். பாட்டாவின் பழைய முதலாளி வண்டியை மலையடிவாரத்து ஊர்ப்பக்கம் கொண்டுபோனார். அங்கே பிழைப்பு ஓடவில்லை. வழியில் எங்காவது பாட்டாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். பாட்டாவுக்கு அது கடைசிவரை உறுத்தல். துறையின் வரலாற்றில் சேசிஸ் எண்ணிக்கை இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது, இந்த முகம் திருப்பல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிரைவர்களிடம் இத்தனை பக்குவமாக நடந்த சர்க்கார், அதே 1938-இல் ‘எங்களையும் கேட்டு ஆட்சி நடத்துங்கள்’ என்றவர்களிடம் எப்படி நடந்தது? பஸ் ஊர்வலம் போன அதே பிப்ரவரியில்தான் திருவனந்தபுரத்தில் பட்டம் தாணுப்பிள்ளை முதலானோர் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசைத் தொடங்கினார்கள். ஆகஸ்டு 31-ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பாட்டாவின் வண்டி தினமும் கடந்த ஊர் அது. அக்டோபரில் அக்காம்மா செறியான் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்கு ஜனத்திரள் நடந்தது. கால அட்டவணையை அச்சடித்து ஒட்டத் தெரிந்த திவானுக்கு, ஜனங்கள் கேட்ட பொறுப்பாட்சிக்கு ஒரு தேதி சொல்லத் தெரியவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1948-இல், லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இரு அமெரிக்கர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வர்ஜீனியா மாநிலத்து மேரியன் ஊரில், ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலையில் நடந்தது. வேலை முறையை மாற்றும்போது ஒரு குழுவிடம் முடிவை மட்டும் அறிவித்தார்கள். மற்றக் குழுக்களிடம் பிரச்சினையைச் சொல்லி, புதிய முறையை வகுப்பதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, சண்டை மூண்டது, முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். சேர்த்துக்கொள்ளப்பட்ட குழுக்களில் ஒருவரும் போகவில்லை, வேகமும் சீக்கிரமே திரும்பியது. எங்கள் பயிற்சி நூல்களிலெல்லாம் இந்த ஆலை வந்துவிடும். வகுப்பில் இதைச் சொன்னால் அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பிறகு ‘கலந்தாலோசனைக் கூட்டம்’ என்று ஒன்று கூட்டி, டீயும் உழுந்து வடையும் கொடுத்து, ஏற்கெனவே கையெழுத்தான உத்தரவை வாசித்துக் காட்டுவார்கள். சால்ட்டரும் யாரையும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. அவர் செய்தது அதைவிடச் சிறிய காரியம், ஆனால் மெய்யான காரியம்: பழைய கைகளுக்குப் புதிய அமைப்பில் வேலை எழுதிக் கொடுத்தார்.

பாட்டா வாழ்நாளில் அதற்கப்புறமும் மாற்றங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரம் போய் அணா வந்தது. 1954-இல் தென்திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. களியக்காவிளையில் எல்லை விழுந்தது. ஒரே துறையாக இருந்தது இரண்டு மாநிலத்து இரண்டு துறையானது. பாட்டா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதே ரோடு, அதே ஸ்டியரிங். சம்பளம் கொடுக்கும் சர்க்கார் மட்டும் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, மெட்ராஸ் என்று இரண்டாவது முறையாக மாறியது. ஆறு மாதத்துக்குள் 1957 ஏப்ரலில் நயா பைசா வேறு. அணாக் கணக்கில் வளர்ந்த ஜனங்களிடம் மிச்சம் ஆறு பைசா என்று சொல்லிப் பழைய கண்டக்டர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பிரிவினைதான் பாட்டாவை உண்மையில் அசைத்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் அவருக்குச் சந்தோஷம். ஆனால் அவரோடு ஓடிய பட்டதாரிக் கண்டக்டர் அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் நெய்யாற்றின்கரைக்காரர். 1938-இல் பழக்கம் மாறியது, முகங்கள் மாறவில்லை. 1956-இல் பழக்கம் அப்படியே இருந்தது. பதினெட்டு வருஷத்துத் துணை போயிற்று. இரண்டில் எது பெரிய மாற்றம் என்று ஒருமுறை கேட்டேன். “மணி அடிக்க விதம் வேறயாயிட்டுல்லா” என்றார். அவ்வளவுதான்.

கேரளப் பக்கத்துத் துறை 1965-இல் கழகமானது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் பிற்பாடு கட்டபொம்மன் பெயரிலும், பிறகு நேசமணி பெயரிலும் கழகங்கள் ஓடின. அந்த விவரங்களுக்குள் நான் போகவில்லை. பெயர்ப்பலகை மாற்றத்துக்கு யாரும் பெரிதாக மறுப்புச் சொன்னதில்லை.

மறுப்பு வந்த இடங்கள் வேறு. 2018 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்ற உத்தரவின்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ‘எம்பானல்’ எனும் தற்காலிகக் கண்டக்டர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேர்வாணையத்தில் தேறிக் காத்திருந்தவர்களுக்கு அந்த இடங்கள். சட்டப்படி சரி. பல வருஷம் டிக்கெட் கிழித்தவர்கள் ஆலப்புழையிலிருந்து செக்ரட்டேரியட் வரை நடந்து வந்து உட்கார்ந்தார்கள். 2022 ஏப்ரல் 11-ஆம் தேதி சர்க்காரே அமைத்த ஸ்விஃப்ட் என்ற தனிக் கம்பெனி தம்பானூரிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கியது. அதே ஆகஸ்டில் நகரச் சுற்று வழிகளில் மின்சார பஸ் வந்தபோது தொழிற்சங்கத்தார் வண்டியை மறித்தார்கள். வண்டி மீது அவர்களுக்குக் கோபமில்லை. சம்பளம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை.

பிறகு 2022 அக்டோபர் 1: பன்னிரண்டு மணி நேர ஒற்றை ட்யூட்டி. பல டெப்போக்களில் என்று சொல்லி, கடைசியில் பாறசாலையில் மட்டும் தொடங்கினார்கள். அதாவது, 1938-இன் அதே ரோட்டில். திட்டத்தின் நியாயம் கணக்கில் தெளிவு: காலையும் மாலையும் கூட்டம், நடுப்பகலில் காலி வண்டி. கூட்ட நேரத்தில் அதிக வண்டி விட்டு, நடுவே ஓய்வு கொடுத்தால் டீசல் மிச்சம், ஆளும் மிச்சம். நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு வேறு வழி என்ன என்று நிர்வாகம் கேட்டதில் தப்பில்லை.

பாறசாலையில் ஒரு டீக்கடையில் ஒரு கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் கணக்கு வேறு. வீடு தூரத்து மலையோர ஊரில். முன்பு இரண்டு நாள் வேலையை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு அடுத்த நாள் வீட்டில் இருப்பார். ரப்பர் பால் எடுப்பார், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். இப்போது வாரம் ஆறு நாள் வர வேண்டும், நடுவில் நாலு மணி நேரம் டெப்போவில் சும்மா இருக்க வேண்டும். “சார், அந்த நாலு மணி நேரம் யாரோடது?” என்று கேட்டார். ‘எண்ணெய் யாரு வீட்டுது’ என்று கேட்டவரின் பேரனிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அந்த நாலு மணி நேரத்துக்குப் படுக்க ஓர் அறை, அல்லது ஊர்க்காரர்களுக்கு அந்தந்த ஊர் டெப்போவுக்கு மாற்றல், அல்லது தொகையாக ஏதாவது என்று எளிய பேச்சாகப் பேசி முடித்திருக்கக்கூடிய விஷயங்கள் அதில் நிறைய இருந்தன என்பது என் அபிப்பிராயம். பேச்சு நடந்தது சங்கத் தலைவர்களோடும் அமைச்சரோடும், திருவனந்தபுரத்தில். பாறசாலையில் நடந்தது நோட்டீஸ் ஒட்டியதுதான்.

ஸ்விஃப்ட் வண்டியில் டிரைவரும் கண்டக்டரும் ஒரே ஆள், ஒப்பந்தச் சம்பளம். அந்த வேலைக்கு ஆள் எடுத்தது வெளியிலிருந்து. நெடுந்தூர ரூட்டுகள், வசூல் வரும் ரூட்டுகள், அங்கே போகின்றன என்று பழைய ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள். 1938-இல் ரோட்டை எடுத்துக்கொண்டவர்கள் ரோடு தெரிந்தவனையும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது எடுத்துக்கொள்ளும் கம்பெனியும் எடுத்துக்கொள்ளப்படும் கழகமும் அதே சர்க்காருடையவை. அதனால் அந்தக் கண்டக்டருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் ஒரு முதலாளி இல்லை. தம்பானூரில் ஸ்விஃப்ட் வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்போது என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ஓட்டுகிற பையன் தன் ஊர்க்காரன்தான், தேர்வுக்குப் படிக்கத் தானே புத்தகம் கொடுத்தவன், டீ வாங்கிக் கொடுப்பேன் என்றார்.